பின்னால் வெளுத்துக் கிடந்தது

கடல் ஆய்வு நிலையத்தின் படகோட்டிதான் அவளுக்கு ‘டிவி அக்கா’ என்று பேர் வைத்தார். படகை மிதவையில் கட்டியதுதான் தாமதம், அவள் தளத்தின் ஓரத்தில் இருக்கும் கறுப்புத் துணிக் கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்துவிடுவாள். வெளியே இருப்பவர்களுக்கு அவளுடைய முதுகும் செருப்பும்தான் தெரியும். “நாமெல்லாம் வெயில்ல கருவாடா காயுறோம், அக்கா மட்டும் உள்ள டிவி பாக்குது” என்று ஒருநாள் அவர் சொன்னார். அது ஒட்டிக்கொண்டது. அவளைவிடப் பத்து வயதாவது மூத்தவர் அவர். ஆனாலும் அக்கா என்பார். அவருக்கு நிலையத்தில் ‘சைலன்ஸ்’ என்று பேர். வாய் மூடுவது தூங்கும்போது மட்டும்தான் என்பதால் வந்த பேர். தூங்கும்போதாவது மூடுமா என்பதை அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

அவள் பார்த்த டிவி, கடலுக்கு அடியில் போகும் ரோபோவின் கண். ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டி அளவுதான் இருக்கும் அது. சுற்றிலும் சின்னச் சின்ன விசிறிகள், முன்னால் இரண்டு விளக்கு, நடுவில் கேமரா, பின்னால் வால் மாதிரி நீண்ட மஞ்சள் கேபிள். அந்தக் கேபிள் வழியாகத்தான் அவள் கை அசைவு கீழே போகும், அது பார்ப்பது மேலே வரும். கடலிலிருந்து எடுத்ததும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, பூந்துண்டால் துடைத்து, மெத்தை வைத்த பெட்டியில் படுக்க வைக்க வேண்டும். படகில் வேறு யாருக்கும் அந்த உபசாரம் கிடையாது. அதனால் எல்லோரும் அதை ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட்டார்கள்.

அவள் கடல் படித்தவள் இல்லை. கடைத்தெருச் சந்து ஒன்றில் போனும் டிவியும் பழுது பார்க்கும் கடையில் வேலை பார்த்தவள். உப்பு ஏறிப் பச்சை பூத்த, ஆழம் அளக்கும் கருவியின் சர்க்யூட் பலகையை நிலையத்தார் ஒருமுறை அந்தக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் அதைப் பிழைக்க வைத்தாள். பிறகு நிலையத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். பின்னால் ரோபோ வந்து, முதலில் அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் வேறு நாட்டுக்குப் போனதும், பழுது பார்க்கிறவளே ஓட்டுகிறவளும் ஆனாள். நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதே இல்லை. ஆனால் மாப்பிள்ளை பவளப்பாறை ஓரமாக நழுவிப்போவதைப் பார்க்கும்போது, தானே தண்ணீருக்குள் மிதப்பதுபோல அவளுக்கு மூச்சு மெல்லச் சீராகும்.

நிலையத்தில்தான் அவள் கணவனைச் சந்தித்தாள். அவனை எல்லோரும் ‘டைவர்’ என்றார்கள். ரோபோ வருவதற்கு முன்னால் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு இறங்கி, பவளங்களை அளந்து, படம் பிடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் தகடு அடித்துவிட்டு வந்தவன் அவன்தான். தெற்குச் சரிவில் இருந்த தகடுகள் அத்தனையும் அவன் கையால் அடித்தவை. கல்யாணமாகி மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள், ஜலதோஷம் பிடித்திருந்ததை யாரிடமும் சொல்லாமல் இறங்கினான். காதுக்குள் ஏதோ கிழிந்தது. டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். உள்காதில் வெங்காயச் சருகு மாதிரி ஒரு சவ்வு; அது கிழிந்து ஒருவழியாக ஒட்டியிருக்கிறது; மறுபடி கிழிந்தால் ஒட்டாது. “இனிமே தண்ணிக்குள்ள போறதை மறந்துடுங்க. குளிக்கும்போதுகூட பஞ்சு வச்சுக்கங்க.”

நிலையம் அவனை வெளியே அனுப்பவில்லை. காற்று உருளை நிரப்பும் அறையில் உட்கார வைத்தது. மற்றவர்கள் கடலுக்குள் மூச்சு விடுவதற்கான காற்றை அவன் நிரப்பிக் கொடுத்தான். மாப்பிள்ளை வந்து சேர்ந்ததும் அந்தச் சமயத்தில்தான். அவன் இடத்துக்குத்தான் அது வந்தது என்று யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. பேர் மட்டும் மாறாமல் டைவர் என்றே நின்றுவிட்டது. ஒவ்வொரு முறை யாராவது அப்படிக் கூப்பிடும்போதும் அவன் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடி மறைவதை அவள் மட்டும் பார்ப்பாள்.

ஆனால் முதல் இரண்டு வருடம் நன்றாகவே போயிற்று. மாப்பிள்ளை எடுத்த படப்பதிவுகளை அவள் மடிக்கணினியில் வீட்டுக்குக் கொண்டுவருவாள். சாப்பாட்டு மேசையில் வைத்து இருவரும் பார்ப்பார்கள். “அதோ, அந்த மூளைப் பவளம், வலது பக்கம் ஒரு வெட்டு இருக்கா? ஆமை கடிச்சது” என்பான். “ஆமை கடிச்சதை நீங்க பாத்தீங்களா?” என்று அவள் கேட்டால், “அது எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் போச்சு” என்பான். மகள் சிரிப்பாள். மாப்பிள்ளை ஒரு திருப்பத்தில் தடுமாறினால் அவன் உடம்பே சாயும்.

அந்தக் கோடைதான் எல்லாவற்றையும் புரட்டியது.

நிலையத்தின் தலைமை ஆய்வாளரை எல்லோரும் மேடம் என்றார்கள். மேடத்தின் அறைச் சுவரில் பெரிய திரை ஒன்று இருந்தது. செயற்கைக்கோள் மேலே இருந்து கடலின் சூட்டை அளந்து அனுப்பும் படம் அதில் தினமும் புதிதாக வரும். வழக்கமாக நீலமாக இருக்கும் அவர்கள் கடல், அந்த வருடம் கோடை முற்றும் முன்பே மஞ்சளானது. பிறகு ஆரஞ்சு. பிறகு சிவப்பு. மேகம் மறைத்த இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

“சூடு மட்டும் கணக்கு இல்ல” என்று மேடம் சொன்னார். “அந்தச் சூட்டுல எத்தனை வாரம் கிடக்குதுங்கறதும் கணக்கு. ஒருநாள் காய்ச்சல் வந்தா எந்திரிச்சுடுவோம். மாசக்கணக்கா விடலைன்னா?”

பவளம் பாறை இல்லை, உயிர் என்பது அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. நிறமும் அதனால்தான், சாப்பாடும் அதனால்தான். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியே துப்பிவிடும். உடனே சாகாது. வெளுத்துப்போய்ப் பட்டினி கிடக்கும். சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், பவளம் பிழைக்கும். குளிராவிட்டால் இல்லை.

மேலே இருந்து பார்க்கிற கண்ணுக்குத் தண்ணீரின் தோல்தான் தெரியும். அடியில் என்ன என்று போய்ப் பார்க்க வேண்டியது அவள்.

வடக்குத் திட்டில் மாப்பிள்ளையை இறக்கியபோது முதலில் கேமராவில்தான் கோளாறு என்று நினைத்தாள். திரை முழுக்கச் சுண்ணாம்பு. வெளிச்சத்தைக் குறைத்தாள், கூட்டினாள். மேலே எடுத்து லென்சைத் துடைத்து மறுபடி இறக்கினாள். நிறம் சரிபார்க்க ஒரு அட்டை உண்டு. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் எனக் கட்டம் கட்டமாக இருக்கும். மாப்பிள்ளையின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியில் அதைச் செருகி இறக்கினாள். அட்டையில் சிவப்பு சிவப்பாகவே இருந்தது, பச்சை பச்சையாகவே இருந்தது. அட்டைக்குப் பின்னால் மட்டும் எல்லாம் வெள்ளை.

துணிக் கூண்டிலிருந்து அவள் தலையை வெளியே எடுத்தபோது சைலன்ஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அன்று வீட்டில் பதிவைப் பார்த்த டைவர் தலையை ஆட்டினான். “லைட்டை இவ்வளவு கிட்டக் கொண்டுபோனா எல்லாம் வெள்ளையாத்தான் தெரியும்.”

“அட்டையைப் பாருங்க. கலர் சரியாத்தானே இருக்கு?”

“அட்டைக்கு என்ன தெரியும்?” என்றான். பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்த்துவிட்டு, “வடக்குப் பக்கம் ஆழம் கம்மி. அங்க கொஞ்சம் அடிபடும்தான். தெற்குச் சரிவுக்குப் போனியா?”

“இன்னும் இல்ல.”

“அங்க அடியிலேருந்து குளிர்ந்த தண்ணி ஏறி வரும். இறங்கினா முதுகு சிலிர்க்கும். எந்தக் கோடையிலயும் அது மாறினதில்ல. தெற்குச் சரிவுக்கு ஒண்ணும் ஆகாது, எழுதி வச்சுக்க.”

அவளும் அதை நம்பத்தான் விரும்பினாள். மேடத்திடம்கூடச் சொன்னாள். மேடம் மறுக்கவில்லை. “இருக்கலாம்மா. சில இடம் தப்பிக்கும். அங்க எப்படின்னு செயற்கைக்கோளுக்குத் தெரியாது. நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

அடுத்த பயணத்தில் அவள் பார்த்தாள். சரிவின் விளிம்பில் மாப்பிள்ளை தலை குப்புறச் சாய்ந்து இறங்கியது. கடலின் அடி வரைக்கும், விளக்கு எட்டிய தூரம் வரைக்கும், பனி பெய்த மாதிரி இருந்தது. வெண்மைக்கு நடுவே டைவர் அடித்த தகடுகள் மட்டும் கறுப்பாக, ஒவ்வொன்றாக வந்து போயின. ரோபோவின் தெர்மாமீட்டர் அங்கேயும் அதே சூட்டைத்தான் காட்டியது. அந்தக் குளிர்ந்த தண்ணீர் இந்த வருடம் ஏறி வரவில்லை. ஏன் என்று மேடத்துக்கும் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுப் படிக்கட்டில் மூன்று மாடி ஏறுகிறவரைக்கும் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். கதவைத் திறந்தவன் கையில் கரண்டியோடு நின்றான். “தெற்குச் சரிவு போனீங்களா?” அவன் முகம் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

“போனோம்” என்றாள். “ஒரே கலங்கல். ஒண்ணும் சரியாத் தெரியல.”

“நான்தான் சொன்னேன்ல. கலங்கலா இருந்தா நீரோட்டம் இருக்குன்னு அர்த்தம்” என்று அவன் அடுப்படிக்குத் திரும்பினான். அன்று பாட்டுகூட முணுமுணுத்தான்.

அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கூட்டிப் பெருக்கும்போதும், மகளின் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடும்போதும், வெள்ளையாக எதைப் பார்த்தாலும் அந்தச் சரிவுதான் கண்ணில் வந்தது. மறுபடி படகில் போனாள், மறுபடி பார்த்தாள், மறுபடி வீட்டில் வாயை மூடிக்கொண்டாள். ஒருநாள் மேடத்தின் அறைக்குப் போனபோது சுவர்த்திரை அணைந்திருந்தது. “கெட்டுப்போச்சா மேடம்? பாக்கவா?” என்றாள். “இல்ல. நான்தான் அணைச்சேன். ஒரு அரை மணி நேரம் அதைப் பாக்காம இருக்கணும்போல இருந்துச்சு” என்றார் மேடம். இருவரும் கறுப்புத் திரைக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தார்கள். அவளுக்கு மேடத்திடம் சொல்லிவிடலாம் போலிருந்தது. சொல்லவில்லை.

மேடம்தான், ஒன்றும் தெரியாமல், உடைத்தார். காற்று நிரப்பும் அறை வழியாகப் போனவர் டைவரைப் பார்த்து நின்று, “உங்க தெற்குச் சரிவும் போயிடுச்சேன்னு எனக்கு மனசே ஆறல. எப்படித் தாங்கிக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டார்.

அன்று மாலை அவன் வீட்டில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மகளை மொட்டை மாடிக்கு விளையாட அனுப்பினான். சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“எத்தனை தடவை பாத்த?”

அவள் பையை மேசைமேல் வைத்தாள்.

“ஊருக்கே தெரியும். படகோட்டிக்குத் தெரியும். எனக்கு மட்டும் கலங்கல்.”

“நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான்…”

“நான் என்ன குழந்தையா? காதுதான் போச்சு. மத்ததெல்லாம் இருக்கு.”

“தப்புதாங்க. நான் சொல்லியிருக்கணும்.”

“நீ பாத்தது ஒண்ணு, சொன்னது ஒண்ணு. இனிமே நீ வெள்ளைன்னாலும் கறுப்புன்னாலும் நான் எப்படி நம்புறது?” அவன் எழுந்தான். “நானே பாக்கணும்.”

அது கோபத்தில் சொன்ன பேச்சு என்று அவள் நினைத்தாள். வேண்டிய பதிவெல்லாம் இருக்கிறது, உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று மடிக்கணினியைத் திறந்து மேசையில் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

அந்த வார விடுமுறை நாளில் மேடம் ஒரு கூடுதல் பயணம் வைத்தார். சூடு உச்சத்தில் இருந்தது, அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அவள் காலையில் கிளம்பும்போது டைவர் மகளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பத் தலை வாரிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்து, “தொப்பி எடுத்துக்க” என்றான். அந்த மாலைக்குப் பிறகு அவனாகப் பேசிய முதல் பேச்சு அது. அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வடக்குத் திட்டை முடித்துக்கொண்டு, மதியத்துக்கு மேல் தெற்குச் சரிவை நெருங்கும்போது சைலன்ஸ் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். “யாரோ போட்டைக் கட்டிப் போட்டிருக்காங்க. ஆளையே காணோம். இது துறைமுகத்து மெக்கானிக் போட்டு இல்ல?”

“மீன் பிடிக்க வந்திருப்பாங்க” என்றார் மேடம்.

“மீன் பிடிக்கறவன் போட்டுக்குள்ள இருப்பான் மேடம், வெளிய இருக்க மாட்டான்.”

அந்த மெக்கானிக் டைவரின் நண்பன். அவளுக்கு அப்போதுகூட எதுவும் உறைக்கவில்லை. மாப்பிள்ளையை இறக்கினார்கள். அவள் கூண்டுக்குள் தலையை விட்டாள்.

சரிவின் விளிம்பைத் தாண்டியதும் திரையின் ஓரத்தில் வெள்ளிக் காசுகள் மாதிரி குமிழிகள் மேலே போயின. மனிதன் விடும் மூச்சு. அவள் மாப்பிள்ளையைத் திருப்பினாள். முதலில் ஒரு துடுப்புச் செருப்பு தெரிந்தது. அதன் குதிகால் பட்டை அறுந்துபோய், சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டியிருந்தது. அந்த டியூப்பை வெட்டிக் கொடுத்தவளே அவள்தான், எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை.

“அவர்… அவர் கீழ இருக்காரு!”

“யாரு?” என்றார் மேடம்.

“எங்க வீட்டுக்காரர்!”

அவன் ஒரு மேசைப் பவளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். உடம்பு ஒரு பக்கமாகச் சுழன்று சுழன்று விழுந்தது. விட்டால் எங்கே விழுவோம் என்று தெரியாதவன் பிடிக்கிற பிடி. கண்ணாடிக்குள் கண்கள் மூடி இருந்தன. மேடம் கூண்டுக்குள் எட்டிப் பார்த்த உடனே சொன்னார்: “தலை சுத்துது அவருக்கு. காது போயிடுச்சு. மேல எது கீழ எதுன்னு தெரியாது இப்ப.”

“குமிழி போற பக்கம் மேலதானே? அவருக்குத் தெரியாததா?”

“கண்ணைத் திறந்தா உலகமே சுத்தும்மா. குமிழியை எங்க பாக்கறது?”

சைலன்ஸ் சட்டையைக் கழற்றிவிட்டார். “நான் குதிக்கறேன்.” அவ்வளவு ஆழம் வெறும் மூச்சோடு போய் ஒரு ஆளைத் தூக்கிவர யாராலும் முடியாது. மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். படகில் அன்று வேறு காற்று உருளை இல்லை. ரோபோ இருந்ததால் யாரும் இறங்க வேண்டியிருக்கவில்லை.

ரோபோவை ஓட்டும் பிடியிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. மாப்பிள்ளையை அவனுக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய், அவனைச் சுற்றி ஒரு அரைவட்டம் போட்டுத் திரும்பினாள். பின்னால் வந்த மஞ்சள் கேபிள் அவன் தோளில் உரசியது. அவன் உதறினான். பாம்பென்று நினைத்தானோ என்னவோ. மறுபடி வந்தாள். இந்தத் தடவை கேபிளை அவன் கையின் மேலேயே படுக்க வைத்தாள். பிறகு விசிறிகளை முழுக்க நிறுத்தினாள்; அவன் விரல் அதில் மாட்டிவிடக் கூடாது. விளக்கை அணைத்தாள், போட்டாள், அணைத்தாள், போட்டாள். மூடிய இமைக்குள்ளும் அந்த வெளிச்சம் போகும் என்று நம்பினாள்.

“பிடிங்க” என்றாள் திரையைப் பார்த்து. “என்னங்க, பிடிங்க. அது நம்ம கேபிள்தான். பிடிங்க.”

ஒரு கை பவளத்தை விட்டது. கேபிளைத் தடவியது. விரல்கள் அதைச் சுற்றி மூடின. எத்தனையோ வருடம் கயிறு பிடித்து ஏறி இறங்கிய கைக்கு அது என்னவென்று புரிந்துவிட்டது. அடுத்த கையும் வந்தது.

“இழுக்காதீங்க” என்றார் மேடம் சைலன்ஸிடம். “அவரே ஏறட்டும். வேகமா வந்தா நுரையீரல் கிழியும். அவர் மூச்சு விட்டுக்கிட்டே வரணும்.”

சைலன்ஸ் கேபிளை இடுப்பில் சுற்றிக்கொண்டு தளத்தில் கால் பரப்பி நின்றார். அவள் மாப்பிள்ளையை அசைக்காமல் நிறுத்தி, கேமராவை மட்டும் மேலே தூக்கி, அவன் கை மேல் கை வைத்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இடையிடையே நின்றான். ஒருமுறை வாந்தி வந்து உடம்பு குலுங்கியது. மூச்சுக் குழாயை வாயிலிருந்து எடுக்காமலே சமாளித்தான். பிறகு அவன் கால்களும் திரையிலிருந்து மேலே போய்விட்டன. வெறும் மஞ்சள் கோடு மட்டும் இருந்தது.

படகில் ஏற்றியபோது அவன் குப்புறப் படுத்துத் தளத்தின் பலகையைப் பிடித்துக்கொண்டான். படகு அசையவே இல்லை. அவனுக்கு மட்டும் அது கவிழ்ந்துகொண்டே இருந்தது. காதிலிருந்து மெல்லிய ரத்தக் கோடு. அவள் அவன் தலையை மடியில் வைத்தாள்.

“பாத்துட்டேன்” என்றான். “நீ சொன்ன மாதிரிதான்… நீ சொல்லாத மாதிரிதான்.”

அவன் அழுதானா, கடல் தண்ணீரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு அந்தக் காது முழுக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சுவரைப் பிடிக்காமல் நடக்கவே பல வாரம் ஆயிற்று. கேட்காத காதுக்குள் எப்போதும் ஒரு இரைச்சல், குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வருமே, அப்படி. அனுமதி இல்லாமல் உருளையை எடுத்துப் போனதற்கு விசாரணை வைத்தார்கள். மேடம் அவனுக்காகப் பேசினார். பேசிப் பலனில்லை. அவன் வேலை போனது. மெக்கானிக் நண்பன் பாவம், வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று, “டேய், சும்மா சுத்திப் பாக்கப் போறேன்னுதானேடா சொன்ன” என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

நடந்தது எல்லாம் மாப்பிள்ளையின் கேமராவில் பதிவாகியிருந்தது. அது ஆய்வுப் பதிவு, வெட்ட முடியாது. வழக்கம்போல் தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கே யாரோ அந்தப் பகுதியை மட்டும் எடுத்து, பாட்டுச் சேர்த்து, இணையத்தில் போட்டுவிட்டார்கள். மகள்தான் பள்ளியிலிருந்து வந்து சொன்னாள். “அம்மா, அப்பா எல்லார் போன்லயும் வர்றாரு.” ரோபோ ஒரு மனிதனைக் காப்பாற்றியது என்று உலகமே பார்த்தது. இதயம் போட்டார்கள், கண்ணீர் போட்டார்கள். ரோபோவுக்குப் பேர் என்ன என்று கேட்டார்கள். தெருமுனையில் டைவர் சுவரைப் பிடித்து நடந்தால் பையன்கள், “ரோபோ புடிச்ச மீனு வருதுடா” என்றார்கள்.

தொலைக்காட்சிக்காரர்கள் வீட்டுக்கே வந்தார்கள். மாப்பிள்ளையை அவள் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். டைவரை நாற்காலியில் உட்கார வைத்து, அந்த நிமிஷம் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டார்கள். அவன் நல்ல காதைத் திருப்பிக் கேள்வியைக் கேட்டுக்கொண்டான்.

“அந்த வீடியோவை நீங்க பாத்தீங்களா தம்பி?”

“நூறு தடவை பாத்தோம் சார்.”

“எனக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாத்தீங்களா?”

கேள்வி கேட்ட இளைஞன் விழித்தான். “பின்னால… பாறை சார். வெள்ளைப் பாறை. அழகா இருந்துச்சு.”

“அது பாறை இல்ல. அது அந்தக் கலரும் இல்ல. அதெல்லாம் உயிரு. சாகக் கிடக்குது. நான் பிழைச்சதை இவ்வளவு பேர் பாத்தீங்க. அது சாகறதும் அதே படத்துலதான் இருக்கு. ஒருத்தர்கூடவா கேக்கல?”

அவன் குரல் உயர்ந்துவிட்டது. சொந்தக் குரலின் அளவு அவனுக்கு இப்போது தெரிவதில்லை. இளைஞன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். குடும்பமாக உட்கார்ந்து நிகழ்ச்சி பார்த்தபோது அந்தப் பேச்சு அதில் இல்லை. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் காட்சியோடு முடித்திருந்தார்கள். டைவர் எழுந்து டிவியை அணைத்துவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனான்.

நேராகச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்று அவன் ஒருநாள் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. சொல்லாதது இன்னும் கனத்தது. கடைசியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது அவளே கேட்டாள். “அன்னைக்கே நான் உண்மையைச் சொல்லியிருந்தா, நீங்க போயிருக்க மாட்டீங்கல்ல?”

அவன் துடைத்துக்கொண்டிருந்த தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். “தெரியல” என்றான். “போயிருக்க மாட்டேன்னு சொன்னா நீ உடைஞ்சிடுவ. போயிருப்பேன்னு சொன்னா அது பொய்யா இருக்கலாம். எனக்கு நிஜமாவே தெரியல.”

அவளுக்கு அந்த ‘தெரியல’ போதுமானதாக இருந்தது. ஆறுதல் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

மழை தாமதமாக வந்தது. சுவர்த்திரையில் சிவப்பு கரைந்து, மஞ்சளாகி, ஒருவழியாக நீலம் திரும்பியது. கணக்கெடுக்கும் பயணம் வந்தது. அவள் நாள் முழுக்கக் கூண்டுக்குள் இருந்தாள். வெளியே வந்தபோது சைலன்ஸ் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, இன்ஜினைப் போட்டார்.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டை வைத்ததும் டைவர் கேட்டான். “தெற்குச் சரிவு?”

அவள் அவனுடைய நல்ல காது இருக்கும் பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். பிறகு ஒளிக்காமல் சொன்னாள். மேல் சரிவில் உயிருள்ளது ஒன்றும் மிச்சமில்லை. வெள்ளைகூட இப்போது இல்லை. அதன்மேல் பழுப்பாக ரோமம் மாதிரி பாசி படர்ந்துவிட்டது. கிளைப் பவளங்கள் தொட்டால் உதிர்கின்றன. மீன் குறைந்துவிட்டது. இருக்கிற ஒன்றிரண்டும் எங்கே போவது என்று தெரியாமல் அந்த எலும்புகளுக்குள்ளேயே சுற்றுகின்றன. அவன் அடித்த தகடுகளில் பாதி, பவளத்தோடு சேர்ந்தே உடைந்து கீழே கிடக்கின்றன.

அவன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“நடுச் சரிவு?” என்றான்.

“அங்க…”

“வேண்டாம்” என்று கையைத் தூக்கினான். “இன்னைக்கு இது போதும். மிச்சத்தை நாளைக்குச் சொல்லு.”

அவள் நிறுத்தினாள். சாப்பிட்டு முடித்தார்கள். மகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்தார்கள்.

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது அவன் சுவரைப் பிடிக்காமல் மெல்ல நடந்து வாசல் வரை வந்தான். கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றுகொண்டான்.

“நடுச் சரிவு என்னாச்சு?”

பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அவள் பையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.